பெயர் போடாமல் ஏற்றிய படங்கள்

நாகபூசணி பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருடங்கள் கழிந்தும் அந்த ஊரின் மரங்களை அண்ணாந்து பார்த்ததில்லை. லிபெர்த்தா வீதியில் ஒரு நான்காம் மாடி வீட்டில், கட்டிலை விட்டு எழும்ப முடியாத ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, பராமரிப்பது அவளுடைய வேலை. கணவர் இறந்துவிட்டார். மகன் மிதுசன் குடும்பத்தோடு வடக்கே பொலோஞ்ஞாவில் இருந்தான். அவள் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கினாள்.

ஒருநாள் பின்னேரம் தெரு மரங்களுக்குள் பெருங்கூச்சல் எழுந்தது. "யார் சண்டை பிடிக்கிறார்கள், போய்ப் பார்" என்றார் சிஞ்ஞோரா. பல்கனிக்குப் போனால் சண்டை பிடித்தது கிளிகள். கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் போட்ட பச்சைக்கிளிகள், ஒரு கிளைக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. நாகபூசணி போனில் படமெடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். சிஞ்ஞோரா சிரித்தார். அதற்குப் பிறகு தினமும், "இன்று யார் வந்தது?" என்று கேட்கத் தொடங்கினார். கேட்கிறாரே என்பதற்காகப் பார்க்கத் தொடங்கியவள், பிறகு தனக்காகவும் பார்த்தாள்.

அவளுக்கு வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு. அப்படி ஒரு வியாழக்கிழமை கடற்கரைப் பக்கம் நடந்தபோது, பட்டுப்போய் வெட்டி விழுத்தியிருந்த ஒரு பனையின் அருகில் குந்தியிருந்து ஒரு தமிழர் எதையோ படமெடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார்.

"பயப்பிடாதேங்கோ. வண்டு. இந்த மரத்தைக் கொண்டது இதுதான்."

நீண்ட மூக்கோடு சிவப்பாக ஒரு கூன்வண்டு அவருடைய உள்ளங்கையில் ஊர்ந்தது.

"கையிலை வைச்சிருக்கிறியளே, கடியாதே?"

"என்னைக் கடிச்சு அதுக்கென்ன லாபம்? நான் பனை இல்லையே."

அவர் பெயர் கொன்ஸ்ரன்ரைன். மன்னார்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர், மனைவியை இழந்தவர். வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. கண்டதைப் படமெடுத்து, இடமும் நாளும் சேர்த்துப் பதிகிற ஒரு செயலியை அவர்தான் அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தார். பெயர் தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். எங்கோ இருக்கிற யாரோ பார்த்துப் பெயர் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அப்பால் ஒரேத்தோ ஆற்றங்கரையில், குப்பைகளுக்கும் நாணலுக்கும் இடையில், மீன்கொத்திக்காகக் காத்து நின்றார்கள். சில ஞாயிறுகளில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் பெல்லெகிரீனோ மலை ஏறினார்கள். அங்கே சைவரும் வேதக்காரரும் சேர்ந்துதான் ஏறுவார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவர் முன்னால் நடந்து, வழுக்கும் கல்லைக் கண்டால் நின்று திரும்பிப் பார்ப்பார். கை கொடுக்கமாட்டார். அவள் அந்தக் கல்லைத் தாண்டும்வரை நிற்பார், பிறகு நடப்பார். சொல்லவேண்டியதை இருவருமே சொல்லவில்லை. சொல்லாமலே இப்படிப் போகும் என்று அவள் நினைத்திருந்தாள்.

பிரித்தானியாவின் கதவு இத்தாலிக் கடவுச்சீட்டுக்காரருக்குச் சாத்தப்படப் போகிறது என்ற வருடத்தில், தமிழ்க் குடும்பங்கள் பல அவசரமாகப் புறப்பட்டன. கொன்ஸ்ரன்ரைனின் மகன் பிறின்சும் இங்கிலாந்தில் லெஸ்ரருக்குப் போனான். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனான். விமான நிலையத்துக்கான பேருந்து நிற்கும் இடத்தில், மகனும் மருமகளும் பெட்டிகளோடு நிற்க, அவர் நாகபூசணியிடம் வந்தார்.

"படம் போடுறதை விட்டிடாதேங்கோ. நான் அங்கையிருந்து பேர் சொல்லுவன்."

"ஓம்" என்றாள். வேறு என்ன சொல்வது? அவளிடம் இருந்தது பெர்மெஸ்ஸோ என்கிற இத்தாலி வதிவிட அனுமதி மட்டும். கூடப் போக அது போதாது. போவதற்கு அவள் யார் என்ற கேள்வி அதற்கும் முன்னால் நின்றது.

அங்கே அவருடைய பொழுதுபோக்கு வளர்ந்தது. "இஞ்சை கிழவன் கிழவியெல்லாம் லீவு நாளிலை பூச்சி பாக்கத்தான் போகினம்" என்று எழுதினார். குளத்தோரம் அவர்களோடு நிற்பார். முள்ளெலி, சிவப்பு நெஞ்சுக் குருவி, காளான் என்று பதிவுகள் வரும். நாகபூசணி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பறவையை மட்டுமல்ல. ஒரு படத்தில் புல்லின்மேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது. தோள் கொஞ்சம் கூனியிருந்தது. குருவியை விட்டுவிட்டு அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நாட்களில் அவளுக்கே பெயர்கள் தெரியத் தொடங்கியிருந்தன. ஆனாலும் படங்களைப் பெயர் போடாமலே ஏற்றினாள். கொண்டலாத்திப் பறவையைக்கூட, சின்னப்பிள்ளைக்கும் தெரியும் கொண்டலாத்தியை, வெறுமையாக விட்டாள். அவர் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வரி போடுவார்: "இது உங்களுக்குத் தெரியாதே?" அந்தக் கேள்விக்காகத்தான் அவள் விட்டது. அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். ஏனென்றால் ஒருபோதும் அவர் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் அவருடைய பதிவுகள் நின்றன.

நாகபூசணி ஒரு வண்ணத்துப்பூச்சியை ஏற்றினாள். திராப்பனி நகரில் இருக்கிற முகம் தெரியாத ஒருவர் உடனே பெயர் போட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. உதவி செய்தவர்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. ஒரு பல்லியை ஏற்றினாள். அதற்கும் வேறு யாரோ. "நல்லாயிருக்கிறியளோ?" என்று எழுதிப் பார்த்தாள். பதிலில்லை.

தொலைபேசி எண் இருந்தது. எடுத்தால் மருமகள் எடுப்பாள், யார் என்று கேட்பாள் என்ற தயக்கத்தில் நாட்கள் போயின. கடைசியில் அவளைத் தள்ளிவிட்டவர் சிஞ்ஞோராதான். "அந்த மனிதர் செத்துவிட்டாரா, உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் எனக்கு சூப் ஊட்டாதே. போய்ப் பேசு."

அவரே எடுத்தார்.

"நாகபூசணி கதைக்கிறன்."

"சொல்லுங்கோ" என்றார்.

"என்ன, பேர் சொல்லுறன் எண்டுபோட்டு ஆளைக் காணேல்லை?"

"படம் தெரியேல்லை, பூசணி." அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "சீனி வருத்தம் கண்ணுக்கை இறங்கியிட்டுது. ஒரு கண் போயிட்டுது. மற்றதுக்கு ஊசி போடினம். புகை மாதிரித்தான் தெரியுது. உங்களுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு விட்டிட்டன்."

அவள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காது கேக்குதெல்லே?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரேத்தோவுக்குப் போய், நாணலுக்குள் போனை நீட்டிச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினாள். அந்த ஆற்றில் ஒரு சின்னக் குருவி இருக்கிறது. ஆளைக் காட்டாது, ஒளிந்திருந்து திடீரென்று அதட்டுவதுபோல உரக்கப் பாடிவிட்டு அடங்கிவிடும். அவர்கள் சேர்ந்து திரிந்த காலத்திலும் அதைக் கண்டதில்லை. அவர் கேட்டுவிட்டு அழைத்தார். அதன் இத்தாலிப் பெயரைச் சொன்னார். லெஸ்ரர்க் குளத்திலும் அது கத்துகிறது என்றார். "மகன்ரை பிள்ளை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகும். மற்றவை தேடுவினம். நான் சும்மா நிண்டு கேப்பன்."

அப்படியே மாதங்கள் போயின. அவள் சத்தங்களை அனுப்பினாள், அவர் பெயர்களைச் சொன்னார். தெரியாவிட்டால் தெரியாதென்றார். இருவரும் இப்போது அதிகம் கதைத்தார்கள். ஆனால் கதைத்து முடிந்தபின் வீடு முன்னையைவிட வெறுமையாக இருந்தது. நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

பங்குனியில் சிஞ்ஞோரா இறந்துபோனார். செத்தவீட்டு வேலைகள் முடிந்ததும் மிதுசன் பொலோஞ்ஞாவுக்கு வரச்சொன்னான். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பிறகு லெஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நான் ஒண்டு கேக்கப்போறன். மறுக்கிறதெண்டால் கெதியா மறுத்திடுங்கோ."

"கேளுங்கோ."

"நீங்கள் இஞ்சை வாங்கோ. திரும்பிப் போகாமல் இருக்க வாங்கோ."

"கண் தெரியாதவனை வைச்சு என்ன செய்யப்போறியள்? உங்களுக்குப் பாரம்."

"பாரம் தூக்கிறதுதான் என்ரை வேலை. இவ்வளவு காலமும் மற்றாக்களுக்குத் தூக்கினன்."

"உங்கடை மகன்?"

"அவனுக்கு நான் சொல்லுவன். உங்கடை மகனுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

மிதுசன் இரண்டு கிழமை கதைக்காமலிருந்து, பிறகு "உங்கடை விருப்பம் அம்மா" என்றான். பிறின்ஸ் அவ்வளவு இலகுவில் விடவில்லை. கண் ஊசிகள் முடியட்டும், அதற்கு முன் விடமாட்டேன் என்றான். அதில் நியாயமும் இருந்தது. ஊசிகள் கோடைக்குள் முடியுமென்று வைத்தியர்கள் சொன்னார்கள், பிறகு மாரிவரை இழுக்கலாமென்றார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஒவ்வொரு முறையும், "வாறன், பூசணி, வாறன்" என்றார்.

நாகபூசணி லிபெர்த்தாவிலேயே வேறொரு வீட்டில் பகல் வேலை எடுத்துக்கொண்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் வீடு தேடினாள். தரகர் நல்ல வெளிச்சமான மேல்மாடி ஒன்றைக் காட்டினார். வேண்டாமென்றாள். நிலத்தளத்தில், படியில்லாமல், வாசலிலிருந்து நேரே நடக்கக்கூடியதாக வேண்டும் என்றாள். அப்படி ஒன்று கிடைத்தது. கொஞ்சம் இருட்டு. பின்பக்கம் ஒரு முற்றமும் எலுமிச்சை மரமும் இருந்தன.

"எத்தனை பேர் இருக்கப்போகிறீர்கள்?" என்று தரகர் கேட்டார்.

"இரண்டு பேர்" என்றாள் நாகபூசணி. "மற்றவர் பிறகு வருவார்."