மகளின் கீழ்த்தாடை

என் மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது, கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தது. முறுக்கைக்கூடக் கடைவாய்க்குத் தள்ளித்தான் கடிப்பாள். "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சா சரியாயிடும்" என்று தெருவே சொன்னது. எனக்கு மனசு கேட்கவில்லை. பெற்றவளாச்சே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் போலவே வாயை வைத்துக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, இந்த வாய் இப்படியே நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன்.

என் தம்பிக்கு உப்பளத்தில் வேலை. கேட்டதும் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் மகள் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, வாயே திறக்காமல் வந்தாள்.

பல் டாக்டரம்மா அவள் தாடையை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளி, "மெதுவா கடி பாப்பா" என்றார். பற்கள் ஒழுங்காகப் பொருந்தின. கையை எடுத்ததும் தாடை பழையபடி முன்னே வந்துவிட்டது.

"எலும்புல குறை ஒண்ணும் இல்லைங்க. இவளேதான் முன்னாடி தள்ளி வச்சிக்கிறா. இப்படியே விட்டா தாடையும் அப்படியே வளர்ந்துடும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, வேணும்னேதான் பண்றியா?"

மாமனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "மேல் பல்லு வெளிய தெரியக் கூடாதும்மா. மாமாவுக்கு ஆவாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இவளுக்கு அப்படித்தான் முளைத்தது. போன கோடையில் தம்பி உப்புப் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது, பார்க்க வந்த பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அத்தனையும் கேட்டு மனசில் வைத்திருக்கிறாள், பாவி மகள்.

நான் சொன்னதைக் கேட்ட தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முன்னால் குந்தி, உப்பில் வெடித்த விரலை வாயருகே நீட்டினான்.

"மேல் பல்லால கடி."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"கடிடி குட்டி. மாமாவுக்கு ஒண்ணும் ஆவாது, பாரேன்."

அவள் தாடையைப் பின்னால் இழுத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, எறும்பு கடிக்கிற அளவுக்குக்கூட வலிக்காமல் கடித்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, மாமன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்தாள்.