இடுக்கு விட்ட பள்ளிக்கூடம்

அப்புத்தளை மலையிலிருந்து பெரகல சந்திக்கு இறங்கும் வண்டிப்பாதையில் மாமா முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்துகொண்டிருந்தோம். அவர் தோளில் கம்பளி மூட்டை. என் தலையில் சோற்றுச் சட்டி. சட்டிக்குள் பள்ளிக்கூடத்து மணி. அது மாமா பதுளைக் கடைவீதியில் தன் சொந்தக் காசில் வாங்கியது என்பதால் எங்களோடு வந்தது. நான் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அது அடித்தது.

"அந்தச் சனியன் வாயில துணியத் திணிடா" என்றார் மாமா. திணித்தேன்.

அப்பா காய்ச்சலில் போனார். அடுத்த மழைக்கு அம்மாவும் போனாள். அம்மாவின் தம்பியான இந்த மாமாதான் எனக்கு மிச்சம். திருச்சிப் பக்கத்தில் கொஞ்சம் படித்தவர் என்பதற்காகத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவரை வாத்தியாராக வைத்திருந்தார்கள். அன்று காலையோடு அந்த வேலை போய்விட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கார் கொடுத்த பணத்தில் கட்டியது. கட்டும் கொந்தராத்து, தோட்டத்துக் கூலிகளுக்குத் தலைவரான பெரிய கங்காணிக்குக் கிடைத்தது. அவரே கட்டினார். கட்டிய வேலை சரியாக இருக்கிறது என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் அவரே சொன்னார். தரைக்குப் பலகை போட வேண்டும் என்பது பேச்சு. பலகைதான் போட்டார், ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கு விட்டுப் போட்டார். பிள்ளைகளுக்குக் காற்று வர வேண்டுமாம். அந்த மலையில் காற்றுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தரையைப்போலத் தூண்கள்மேல் இடுப்பளவு உயர்த்தி, இடுக்கு விட்டுக் கட்டுவது ஆட்டுப்பட்டிக்கு வழக்கம். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆட்டுக்குக் குளம்பு நோகாது. சாயங்காலம் நாங்கள் வெளியே வந்ததும் கங்காணியின் ஆடுகள் உள்ளே போகும். காலையில் அவை இறங்கியதும் நாங்கள் ஏறுவோம். எங்கள் சிலேட்டுக் குச்சிகள் இடுக்கு வழியாக எருவில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த எருவைக் கங்காணி துரையின் ரோஜாத் தோட்டத்துக்கு விற்றார். துரை பூக்களை மெச்சினார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை.

ஒருநாள் பதுளையிலிருந்து பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். அவர் நல்லபடியாக எழுதிப்போட்டால் மாமாவின் வேலை நிலைக்கும். கூலிகள் குடியிருக்கும் லயத்து வரிசையில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டும் இல்லை. மாமா மூன்று தரம் தரையைக் கழுவினார். கழுவிய தண்ணீர் இடுக்கில் போயிற்று, வாசனை போகவில்லை. சாம்பிராணி போட்டார்.

"ஆட்ட என்ன பண்றதுங்க?" என்று கங்காணியைக் கேட்டார்.

"மேல புல்லுக்காட்டுல நிக்கும். இருட்டுனாத்தான் வரும். அதுக்குள்ள ஐயா போயிருவாரு. ஆட்டுக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்லயே வாத்தியாரே!"

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் கைத்தடியுமாக வந்தார். முதல் அடியிலேயே கைத்தடி இடுக்கில் இறங்கி மாட்டிக்கொண்டது. கங்காணியும் மாமாவும் இரண்டு பக்கமும் நின்று அதைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஆத்திசூடி சொன்னோம். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பகல் சோற்று நேரம் கழிந்ததும் மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி இறங்கினால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. புல்லுக்காட்டில் நின்ற ஆடுகளுக்கு அது இருட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். அவை வழக்கம்போல வீட்டுக்கு வந்தன.

முதலில் கறுப்புக் கிடா ஏறி வந்து மாமாவின் மேசைக்கு அடியில் படுத்தது. மற்றவை தத்தம் இடத்தைத் தேடின. இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததால் கொம்பால் நெட்டின. ஒரு வெள்ளாடு இன்ஸ்பெக்டரின் தொப்பியை முகர்ந்துவிட்டுச் சுவரை நக்கப் போயிற்று.

"என்ன கூத்து இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமாதான் சமாளித்தார். "பொருட்பாடமுங்க ஐயா. மிருகத்தக் காட்டிப் பாடம் சொல்றதுக்கு."

"அதுக்கு ஒரு ஆடு போதாதோ?"

"பிள்ளைக நெறயங்க" என்றார் கங்காணி.

இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் எழும்பும். ஆட்டைப் பற்றித் தெரிஞ்சதைச் சொல்லும், பாப்பம்."

என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் நான் அப்படித் தயாராக இருந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொன்னேன். கறுப்புக் கிடா மேசைக்கு அடியில் படுக்கும், வேறெங்கும் படுக்காது. குட்டி போட்டது மூலையில் படுக்கும். சுவரில் சுண்ணாம்பு இல்லாத இடமெல்லாம் அவை நக்கிய இடம். எரு கீழே விழும். சனிக்கிழமை கூடையில் அள்ளித் துரை பங்களாவுக்குக் கொண்டுபோவோம். பலகையை நெருக்கிப் போட்டால் ஆட்டுக்கு ஆகாது.

"கெட்டிக்காரன்" என்று இன்ஸ்பெக்டர் என் தோளில் தட்டினார். மாமாவின் கண் கலங்கியிருந்தது. என் பதிலைக் கேட்டுப் பெருமையில் கலங்கியது என்று எண்ணிக்கொண்டேன்.

கொஞ்சநாளில் பதுளையிலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் ஆடு கட்டிய வாத்தியாரை நீக்க வேண்டும் என்பது ஒன்று. ஆடுகள் மாமாவுடையவை என்று கங்காணி சத்தியம் செய்திருந்தார். அந்தக் கட்டடம் பிள்ளைகளுக்கு ஆகாது, புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்பது மற்றது. கொந்தராத்து யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். பழைய கட்டடம் முழுக்க ஆடுகளுக்கு ஆயிற்று.

இருட்டும் நேரத்தில் பெரகல சந்தியை அடைந்தோம். இரும்புச் சாமான்களும் பலகையும் அரிசியும் விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் மாமா தான் வாத்தியார் என்று சொல்லி, மணியைக் கொடுத்துச் சோறு கேட்டார். முதலாளி துணியை உருவிவிட்டு அடித்துப் பார்த்தார். "நல்ல சத்தம். சாப்பிட்டுட்டுச் சாக்குல படுங்க" என்றார்.

காலையில் அவரே எழுப்பினார். "சுமை தூக்குவீங்களா? மேல தோட்டத்துல பெரிய கங்காணி புதுப் பள்ளிக்கூடம் கட்டுறாரு. பலகை போகணும்."

மாமா சாக்கை உதறி மடித்து வைத்தார். பிறகு, "அதுக்குப் படிப்பு வேணுமா மொதலாளி?" என்றார்.

"தல இருந்தாப் போதும், வாத்தியாரே."

மாமா தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார். அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு, "ஒரு தரைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"கங்காணி கேட்டது அவ்வளவுதான். அப்புறம், மணி ஒண்ணும் கேட்டாரு. இந்தா தம்பி, இதையும் வச்சுக்க."

பலகை அவ்வளவு குறைவாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம். சில நடையிலேயே முடிந்துவிடும். இரண்டு பலகையைத் தலையில் ஏற்றி, மணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த வழியே ஏறினேன். அடிக்கு அடி அது அடித்தது. மாமா இந்தத் தடவை துணியைத் திணிக்கச் சொல்லவில்லை. மணியே திரும்பிப் போகிறது, பள்ளிக்கூடத்துக்கு நாங்களும் திரும்பிவிட்டோம் என்று நினைத்து நான் இன்னும் வேகமாக நடந்தேன்.