இலேசான ஆளைத் தூக்கிப் பழகிய முதுகு

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்தும் கை வரவில்லை. தோல் மண்டியில் எடை போட்ட பாய் உயிரோடு இருந்தவரை, படித்தால் அவர் மனசு நோகுமே என்று தள்ளிப்போட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிகம் படிக்காதவன் நான். முருகன் துணையென்று எழுதுகிறேன்.

1950களின் கடைசியில் திண்டுக்கல் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தேன். காலையில் ஓட்டம், ஏணி ஏற்றம். கடைசியில் ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைக் கடக்க வேண்டும். சுமக்கப்படுகிறவன் எப்போதும், எரியோடு என்ற ஊரிலிருந்து வந்த எரியோட்டுக்காரன்தான். எங்களில் மெலிந்தவன் அவன். முறை வைத்து எல்லோரும் அவனையே தூக்குவோம், அதுதான் வழக்கம்.

“ஏலே, வீட்டுல சோறு போடுறாகளா இல்லையா?” என்பார் தீயணைப்பு வண்டி டிரைவர். எங்களில் கனத்த ஆள் அவர்.

“நான் தின்னா உங்களால தூக்க ஏலுமாண்ணே? உங்களுக்காகத்தான் பட்டினி கெடக்கேன்,” என்பான் அவன், தோளில் தொங்கியபடியே.

முழங்காலை மடக்காமல், குனிந்த வாக்கில் அவனை அள்ளிவிடலாம். அப்படியே அள்ளிப் பழகினோம்.

ஒரு நாள் மத்தியானம் தோல் மண்டியில் தீப்பிடித்தது. தராசுக்குப் பக்கத்தில் பாய் புகையில் மயங்கிக் கிடந்தார். கனத்த சரீரம். பழகியபடியே குனிந்து அள்ளினேன். இடுப்பில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. இறக்கிவிடாமல் வெளியே கொண்டுவந்து சேர்த்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு அதற்குப் பிறகு முதுகு நிமிரவில்லை.

சட்டைக்குள் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பழனிக்கு நேர்ந்துகொண்டேன். அதற்குள் வருடாந்திர உடற்சோதனை வந்தது. அதில் ஓர் ஆளைத் தூக்கிக் காட்ட வேண்டும்; முடியாதவன் தீயணைக்க வண்டியில் போக முடியாது.

எரியோட்டுக்காரன் என் அருகில் வந்தான். “என்னயத் தூக்குண்ணே. நானே எம்பி ஏறிக்கிறேன். நீ நடந்தாப் போதும்.”

“ஆபீசர் பாத்துட்டா?”

“இம்புட்டு நாளா என்னத்தப் பாத்தாரு?”

செத்த நேரம் கண்ணை மூடி முருகனை நினைத்தேன். நெருப்புக்குள் மயங்கிக் கிடப்பவன் எம்பி ஏற மாட்டான். அதிகாரியிடம் போய், டிரைவரைத் தூக்குகிறேன் என்றேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். டிரைவர் தோளில் சாய்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

“விட்ருப்பா, இடுப்பு போயிரும்,” என்று அவரே இறங்கிக்கொண்டார்.

என்னை டெலிபோன் பக்கம் உட்கார வைத்தார்கள். அதிகாரி மறுநாளிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டார். யார் வருகிறாரோ அவரைத்தான் தூக்க வேண்டும், அதுவும் முழங்காலை மடக்கி. டிரைவரைத் தோளில் சுமந்தபடி எரியோட்டுக்காரன் தள்ளாடி நின்றதைப் பார்த்தேன். “இப்பத் தெரியுதாலே நான் சாப்டுறது?” என்றார் டிரைவர்.

பாய் பெருநாள் தோறும் என்னைப் பார்க்க வருவார். “வண்டில போறதில்லையா தம்பி?”

“உக்காந்த வேலை கெடச்சிருச்சு பாய்.”

“அல்லா நல்லா வச்சிருக்கான்.”

“ஆமா பாய்.”

பழனியில் இப்போது நான் விழுந்து கும்பிடுவதில்லை. நின்றபடியே கும்பிடுகிறேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை.

பாயின் பாரத்தால் என் முதுகு போனதாக ஊரில் சொல்கிறார்கள். அவர் எடை அவருக்குக் கடவுள் தந்தது. இலேசான ஆளையே தூக்கிப் பழகியது நாங்கள். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் அப்படியே சொல்லுங்கள். பாய் மேல் மட்டும் எதையும் ஏற்றிவிட வேண்டாம்.