கெசியாவுக்குப் பின்னால் வருகிறவன்

"அக்கா, நீங்க எடுத்த போட்டோல என் பின்னாடி யாராச்சும் கீறாங்களா பாருங்க."

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஒரு துணிக்கடையின் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்டாள். கேட்டவள் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே நின்ற சுடிதார் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளி நின்று பார்ப்பவர்கள் துணி பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் அந்தத் தெருவின் கடைக் கண்ணாடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு சேலையூரில் அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்து கடைக்குள் விளக்கு ஏறும் நேரத்தில் இந்தக் கண்ணாடிகளில் பட்டுப்புடவை மேல் பஸ் ஓடும், தங்கச் சங்கிலிகளுக்கு நடுவே ஆட்டோ புகுந்து போகும். அதற்காகத் தினமும் போனேன். என் படங்களில் இவள் முகம் முன்பே இருந்தது. எல்லாரும் கடையைப் பார்க்கும்போது இவள் மட்டும் கண்ணாடியைப் பார்ப்பாள்.

படத்தைப் பெரிதாக்கினேன். "ஒருத்தர் நிக்கிறார். நீல முழுக்கைச் சட்டை. காதுல போன்."

"மூஞ்சி தெரியுதா?"

"இல்ல. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல துப்பட்டா தொங்குது."

"எனக்கும் அப்டித்தான்கா. எப்பவும் எதுனா தொங்குது." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவள் பெயர் கெசியா. நாலு கடை தள்ளி, பத்ரி என்பவரின் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற வேலை. கல்யாணச் சீர், கிரகப்பிரவேச அன்பளிப்பு என்று வாங்குகிற குடம், தூக்கு, சம்படம் எல்லாவற்றிலும் அதிர்கிற ஊசியால் எழுத்து எழுத்தாகக் குத்துவாள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் அம்மாள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்: "அத்தைன்னு பெருசா போடும்மா. மாமா பேரு சின்னதா இருந்தா போதும், அவரு அஞ்சு பைசா குடுக்கல."

"சின்னதா போட்டா அவரு வந்து என்னைத்தான் கேப்பாரு" என்றார் பத்ரி. "ஒரே சைஸ்ல போடு கெசியா. குடும்பச் சண்டை நமக்கு வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள், கெசியாவும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். முந்தின வாரம் 'ஹேமாவதி' என்ற பெயரின் கடைசி எழுத்தில் ஊசி வழுக்கி ஒரு பித்தளைக் குடம் வீணாகிவிட்டதாம். பத்ரி திட்டவில்லை. "உடம்பு சரியில்லன்னா சொல்லும்மா" என்றாராம். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நீலச் சட்டைக்காரன் மூன்று வாரமாக வருகிறான். கடை விட்டு அவள் ரயில்வே நடைமேம்பாலத்துக்கு நடக்கும்போது பின்னால் வருவான். அவள் நின்றால் நிற்பான். மேம்பாலத்தைத் தாண்டி கிழக்கே இறங்கி அகரம்தென் பஸ் ஏறும்வரை கூடவே. பேசியதில்லை, இடித்ததில்லை. பஸ் கிளம்பியதும் காணாமல் போய்விடுவான்.

"ஒரு தடவை திரும்பிப் பார்த்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"திரும்பினா சிக்னல் குடுத்த மாதிரிக்கா. 'அவளே பார்த்தா'ன்னு நாளைக்குச் சொல்லுவான். அப்புறம் யாரு நம்புவா?"

"வீட்டுல சொல்லலாமே?"

கெசியா ஊசியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இதற்கு முன் கீழ்க்கட்டளையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அங்கே ஒருவன் கண்டபடி மெசேஜ் அனுப்ப, நல்ல பெண்ணாக அதை அண்ணனிடம் காட்டினாள். அண்ணன் பிரிட்டோ மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அப்பா யேசுதாசன் இறந்த பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மெசேஜ் அனுப்பியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை, போன் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டின் ஜன்னலும் சர்ச்சும்தான். அம்மா கனகவல்லி அழுது மன்றாடித்தான் இந்த வேலைக்கு விட்டான். விடும்போது சொன்னான்: "இன்னொரு பேச்சு வந்துச்சின்னா அவ்ளோதான். மாப்ள பார்த்து முடிச்சிடுவேன்."

"அதனால பேச்சு வரக்கூடாதுக்கா" என்றாள் கெசியா. "அவன் யாருன்னு தெரிஞ்சா போதும். நானே எப்டியாச்சும் பார்த்துக்குவேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனாலும் அன்று சாயங்காலம் நான் முன்னாலேயே போய் ஒரு செருப்புக்கடைக் கண்ணாடி அருகே நின்றேன். அவள் வந்து பக்கத்தில் நின்று, ஒரு ஜோடி செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள், தொங்கும் ஸ்கூல் ஷூக்களுக்கு நடுவே, நீலம் வந்து நின்றது. ஏதேதோ நாடுகளில் முன்பின் தெரியாத தெருக்களில் நடந்திருக்கிறேன். அங்கெல்லாம் வராத பயம் என் சொந்த ஊரில், கடை விட்டுப் போகிற கூட்டத்தில் வந்தது. கேமராவைத் தூக்கினேன். ஷூக்கள் மட்டும்தான் விழுந்தன.

அப்போது தெரு முழுக்க கரண்ட் போனது.

உள்ளே விளக்கு எரியும்வரை கண்ணாடி கடையைக் காட்டும். அணைந்துவிட்டால் தெருவைத்தான் காட்டும். ஷூக்கள் மறைந்தன. முடிச்சூர்ப் பக்கமிருந்து திரும்பிய பஸ்ஸின் விளக்கு எங்கள் பின்னால் விழுந்தது. கண்ணாடியில் ஒரு முகம் நன்றாகத் தெரிந்தது. தாடி, நெற்றியில் ஒரு தழும்பு. நான் அழுத்திவிட்டேன்.

"சுகுமார் அண்ணன்" என்றாள் கெசியா.

"யாரு?"

"எங்க அண்ணனோட கூட்டாளி. ஞாயித்துக்கிழமையானா எங்க வூட்லதான் சாப்பாடு. போன வாரம்கூட என் கையால மீன் கொழம்பு ஊத்திகினு, 'வேலைலாம் எப்டி கீது கெசி'ன்னு கேட்டாரு."

எனக்கு உயிர் வந்தது. "அப்பாடா, தெரிஞ்சவர்தானா!"

"தெரியாதவனா இருந்தா போலீஸ்ல சொல்லியிருக்கலாம்கா" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். நேராக அவனிடம் நடந்தாள்.

"யார்கிட்ட பேசிகினு கீறீங்க அண்ணா?"

அவன் போனைக் கீழே இறக்கினான். "ஏய் கெசி... சும்மா, இந்தப் பக்கம் வேலையா வந்தேன்."

"தெனமுமா? போனைக் குடுங்க."

"கத்தாத. ஜனங்க பாக்குறாங்க."

அவள் கத்தவே இல்லை. கையை நீட்டியபடியே நின்றாள். எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் மட்டும் நிமிர்ந்து, "இன்னாம்மா, எதுனா பிரச்சனையா?" என்றார். சுகுமார் அவசரமாகப் போனை அவள் கையில் திணித்தான். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"டேய், அந்த கேமராக்காரி இன்னும் கூடத்தான் கீறாளா?"

நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

"கூடத்தான் கீறாங்க" என்றாள் கெசியா. "நான்தாண்ணா பேசறேன். சுகுமாரண்ணனை இனிமே அனுப்பாத. இவரு யாருன்னு கடையில பொம்பளைங்க கேட்டா எனக்குத்தான் அசிங்கம். நாளைக்கும் நான் வேலைக்கு வருவேன்."

பிரிட்டோ கோபமே இல்லாமல் சொன்னான்: "வூட்டுக்கு வா."

கெசியாவை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரு நாள் மட்டும் தங்கச் சொன்னேன். "அம்மா தனியா கீது" என்று சொல்லிவிட்டு மேம்பாலப் படியில் ஏறினாள். இந்த முறை சுகுமார் பின்னால் போகவில்லை. அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் பத்ரி ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன். பெயர் வெட்டுகிற மேசை காலியாக இருந்தது. "லேட்டா வர்ற பொண்ணு இல்லியே" என்று அவரும் தெருவைப் பார்த்தார். ஒரு கல்யாணக் கும்பல் குடங்களை அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தது. தெருவில் வருகிற ஒவ்வொரு துப்பட்டாவுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

உச்சி வெயிலில் வந்தாள். கூட அவள் அம்மா. கெசியாவின் கண் வீங்கியிருந்தது, ஆனால் நேராக மேசைக்குப் போய் ஊசியைக் கையில் எடுத்தாள். கனகவல்லி அம்மாள் இடது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தாள்.

"வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. பிறகு பத்ரியிடம், "இனிமே நானே கூட்டியாந்து நானே கூட்டிகினு போவேன் சார். இங்கியே ஓரமா குந்திக்கிறேன். அதுக்குத்தான் பிரிட்டோ ஒத்துகினான்."

பத்ரி ஒன்றும் கேட்காமல் மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலை நகர்த்திப் போட்டார். ஊசி இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் கடையில் வேறு யாருக்கும் கேட்காது என்று உறுதிசெய்துகொண்டு, கனகவல்லி அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உன் வூடு எங்கம்மா?"

"சேலையூர். கேம்ப் ரோடு."

"பஸ் ஸ்டாப்புலேர்ந்து எவ்ளோ தூரம்? நடந்தா வந்துடலாமா?"

"வந்துடலாம்மா."

"ராத்திரி எந்நேரம் கதவத் தட்டினாலும் தொறப்பீங்களா?"

"தொறப்போம்" என்றேன்.

அவள் அதை நம்பலாமா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊசியை நிறுத்தச் சொல்லி மகளைக் கூப்பிட்டாள். "இங்க வா. இந்தக்கா வூட்டுக்கு வழி சொல்லும். ஒழுங்கா கேட்டுக்க."