நூலைக் கடிக்கும் பல்

என் மாமியார் தையல்காரி. வாயும் கையும் ஒரே வேகம். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் என்னை நாலு குறை சொல்லிவிடுவார். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் நறுக்கென்று கடிப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும், சீண்ட மாட்டார்.

அந்தத் தாடையில்தான் கட்டி வந்தது. புற்றுநோய் இல்லை என்றார்கள். ஆனால் இடப்பக்கத்து எலும்பை அரித்திருந்தது. அந்தப் பகுதியைப் பற்களோடு எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பை வெட்டி அந்த இடத்தில் வைப்பார்களாம். கேட்டதும் என் கணவர் மயங்கி விழாத குறை. மாமியாருக்கு ஒரே கவலைதான்.

"மறுபடி நூல் கடிக்க முடியுமா?"

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் திட்டம் போடும் பெண், ஸ்கேன் படங்களை வைத்து மாமியாரின் தாடையைக் கம்ப்யூட்டர் திரையில் சுழற்றிக் காட்டினாள். கெட்டுப்போன பகுதியை நீக்கிவிட்டு, கால் எலும்பை மூன்று துண்டாக்கி வளைவுக்கு ஏற்றபடி பொருத்தினாள். எந்தச் சாய்வில் அறுப்பது என்று காட்ட, எலும்பின் மேல் வைக்கும் அச்சும் செய்வார்களாம்.

"அட, நம்ம பேப்பர் கட்டிங்!" மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துணியில கை வைக்கிறதுக்கு முன்னாடி காகிதத்துல வெட்டிப் பாக்குறீங்க."

ஆனால் தாடை எலும்பின் உயரம் கால் எலும்புக்கு இல்லை. கீழே தள்ளி வைத்தால் முகம் பழையபடி இருக்கும், பிறகு பொருத்தும் பல்லுக்கு உறுதி குறையும். மேலே வைத்தால் பல் நிற்கும், தாடையோரம் சற்று ஒடுங்கும். எது வேண்டும் என்று டாக்டர் கேட்டார்.

"முகம்தான் முக்கியம்மா," என்றார் கணவர்.

"இந்த மூஞ்சிய வெச்சு சினிமாவாடா எடுக்கப் போறாங்க?" என்ற மாமியார், திட்டம் போடும் பெண் பக்கம் திரும்பினார். "பல்லு எங்க வரணும்னு முதல்ல பாரும்மா. எலும்பு அதுக்குக் கீழ வரட்டும்."

அப்படியே செய்தார்கள். அதன்பின் வெகுநாள் மாமியாரால் பேச முடியவில்லை; வீட்டில் குறை சொல்ல ஆளில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தவள், சமையலறையில் நின்று அழுதேன்.

எலும்பு ஒட்டியது, பல்லும் வந்தது. கடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, நான் தைத்திருந்த சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டுத் தானே தைக்க உட்கார்ந்தார். பயத்தில் கத்தரிக்கோலை நீட்டினேன். தள்ளிவிட்டார். இடப்பக்கமாக நூலைக் கொண்டுபோனார்.

நறுக்.

நூல்முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு பொத்தான் தைக்கத் தெரியல, இத்தனை மாசம் எப்படித்தான் குடும்பம் நடத்துனியோ!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய், பொத்தான் போன சட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அவர் மடியில் கொட்டினேன்.