நாலு பத்துக்கு ஒரு விளக்கு

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். தேதி, மணி எல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். எனக்கு எல்லாமே நடந்தது சாயங்காலம் நான்கு பத்துக்கு. நல்ல வெளிச்சத்தில்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதி புரியாது.

கிட்டத்தட்ட ஆறு வருடம் ஓர் இசையமைப்பாளரிடம் வேலை பார்த்தேன். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். டிவி தொடர்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை போடுகிறவர். அவர் முணுமுணுப்பதைக் கணினியில் ஏற்றி, வாத்தியம் சேர்த்து, ஒழுங்கு செய்து கொடுப்பது என் வேலை. பழைய ஃபைல்களை அழிப்பது, காபி வாங்கி வருவது, வாசலில் யாராவது வந்தால் இன்டர்காமில் பொய் சொல்லித் துரத்துவது... அதுவும் என் வேலைதான். சொன்னதைச் செய்தேன். ஏன் என்று கேட்டதே இல்லை.

போன வருடம் எனக்கே எனக்கென்று ஒரு மெட்டு வந்தது. குளித்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், முழுசாக வந்தது. ஈரத் தலையோடு ஓடிப்போய் போனில் பாடிப் பதிந்தேன். மாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். "பரவால்ல" என்றார். மூன்றாவது மாதம் அது ஒரு செல்போன் விளம்பரத்தில் நாடு முழுக்க ஒலித்தது. இசை என்ற இடத்தில் அவர் பெயர். கேட்டதற்கு, "என் ரூம்ல உக்காந்து யோசிச்சது எல்லாம் என்னுதுதான்டா" என்று சிரித்தார்.

அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. என் பெயரில் ஒரு மெட்டாவது வெளியே வர வேண்டும், அந்த ஆள் அதைக் கேட்டு வாயடைத்து நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கறுவிக்கொண்டேன்.

அதற்குச் சொந்தமாக ஒரு வாத்தியம் வேண்டும். கணினி வாங்க வசதியில்லை. தங்கியிருப்பதோ அக்கா வீட்டில் ஓர் ஓர அறை. பெயருக்கு ஒரு மேசை; துணி அயர்ன் செய்வதும் அதன் மேல்தான். ஆகவே சின்னதாக, விலை குறைவாக, கணினி இல்லாமலே இசை செய்யக்கூடிய ஒரு சிந்தசைசர். மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. செவ்வாய்க்கிழமை, காலை 11:20. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது புத்தம் புதுசு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு விரல் வைத்தால் ஒரு விரல் தண்டம். இரண்டாவதில் எல்லாம் ஒரு குட்டித் திரைக்குள் ஒளிந்திருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் மங்கலாக்கவே ஏழு தடவை அமுக்க வேண்டும். அதற்குள் மெட்டு மறந்து போகும்.

மூன்றாவது பழசு. சாம்பல் நிறம். நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அகலம். ஒரே நேரத்தில் நான்கு சுரம், ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு திருகு, பேட்டரியிலும் ஓடும். கீழே வரிசையாகப் பதினாறு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. ஒரு பட்டனை அமுக்கினால் அந்த இடத்தில் ஒரு சுரம் உட்காரும். ஓடவிட்டால் இடமிருந்து வலமாகப் பதினாறும் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அப்படிப் பதினாறு மெட்டுகளை உள்ளே சேமிக்கலாம்.

கட்டைகளின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. வெயிலில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைக்குள் வெயிலே வராது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"யாரோடது இது?"

"ஒரு பொண்ணு வச்சிருந்தது சார். செத்துப் போச்சு. தம்பிக்காரர் எலக்ட்ரீஷியன், பக்கத்துத் தெருதான். ஆறு வருஷமா டேப் சுத்தி அலமாரி மேல போட்டு வச்சிருந்தாராம்."

"வேலை செய்யுதா?"

"உங்க கை பட்டதும்தான் ஆன் ஆயிருக்கு. நாலு நாளா நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவாள். நான் வாங்கிவந்த பெட்டியைப் பார்த்ததும், "இந்த டப்பாவுக்கா மூணு வாரமா செருப்பு தேஞ்ச? எங்க வார்டுல பிரஷர் பாக்குற மெஷின் இதவிடப் பெருசுடா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

பெட்டியின் நினைவைப் பார்த்தேன். பதினாறு இடமும் காலி. சந்தோஷமாகச் சுத்தமான ஒரு சத்தத்தைத் தேடித் திருகிக்கொண்டிருந்தேன். மணி 4:10. பெட்டி தானாகப் பதினாறாம் இடத்துக்குத் தாவியது. ஒரு விளக்கு எரிந்தது. ஒரே ஒரு சுரம். டிங்... பதினைந்து இடம் மௌனம். மறுபடி டிங்...

பழைய சாமான், ஏதோ கோளாறு என்று அழித்துவிட்டேன். மறுநாள் 4:10க்கு இரண்டு விளக்கு. அழித்தேன். அதற்கடுத்த நாள் மூன்று.

ஐந்தாம் நாள் வெளியே போயிருந்தேன். 4:12க்கு அக்காவிடமிருந்து போன்.

"டேய், ஆஃப் பண்ணிட்டுப் போகக் கூடாதா? தூக்கமே போச்சு."

"ஆஃப்லதான்க்கா இருக்கு. பேட்டரியக் கூட கழட்டி வச்சிருக்கேன்."



"அப்ப அந்த மூச்சுச் சத்தம்...?"

"என்ன மூச்சு?"

"நடுநடுவுல யாரோ மூச்சு வாங்குறாங்கடா. எனக்குத் தெரியாதா மூச்சு? தெனம் பாக்குறேனே. கடைசி மூச்சு அது."

அந்தப் பெட்டியில் மைக் கிடையாது. குரலையோ மூச்சையோ அதனால் பதியவே முடியாது.

ஒன்பதாம் நாள் ஒன்பது சுரம் சேர்ந்தபோது எனக்கு மெட்டு பிடிபட்டது. மாஸ்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த டிவி தொடரின் தொடக்க இசை! தொடர் வந்து ஐந்து வருடம். பெட்டியை வைத்திருந்தவள் செத்து ஆறு வருடம். அப்படியானால் இது இவள் மெட்டு. அந்தத் திருடன் எனக்கு முன்பே ஒருத்தியைத் தின்றிருக்கிறான்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து அழிப்பதை நிறுத்தினேன். தினமும் 4:10க்கு எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

பதினாறாம் நாள். 3:50க்கு பெட்டியோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். பதினைந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா, கோபம் எறங்கிடுச்சா?" என்றார் மாஸ்டர்.

"புது மெட்டு ஒண்ணு மாஸ்டர். உங்க காதுக்குத்தான் முதல்ல."

புது மெட்டு என்றால் அந்த ஆளுக்கு வாயில் எச்சில் ஊறும். ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டினேன். ஓடவிட்டேன். முதலில் தலையாட்டினார். பிறகு தலை நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

மணி 4:10. பதினாறாவது விளக்கு எரிந்தது.

சத்தத் திருகு தானாகத் திரும்பியது. மெதுவாக... கடைசி வரை. மாஸ்டர் ஹெட்போனைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"நிறுத்தச் சொல்லு... அவள நிறுத்தச் சொல்லு!"

அவள் என்று நான் சொல்லவே இல்லை.

ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி நிற்கவில்லை. 4:14க்குத் தானாக நின்றது. எல்லா விளக்கும் அணைந்தது. பதினாறாம் இடம் காலி.

மாஸ்டருக்கு இப்போது எதுவும் கேட்காது. காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார்களாம் டாக்டர்கள். அவருக்குக் கேட்பதெல்லாம் அந்த ஒரே மெட்டு. தூங்கும்போதும். சாப்பிடும்போதும். நிற்காமல்.

ஒளிக்காமல் சொல்கிறேன். மனசு குளிர்ந்தது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன்.

மறுநாள் 4:10. பெட்டி தானாகப் பதினைந்தாம் இடத்துக்குத் தாவியது. ஒரு விளக்கு.

வேலைதான் முடிந்துவிட்டதே, இது எதற்கு என்று யோசித்தேன். எட்டாம் நாள் தெரிந்தது. என் மெட்டு! குளிக்கும்போது வந்த என் மெட்டு, சுரம் பிசகாமல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் நியாயம் முடிந்தது, அடுத்து என் நியாயத்தைக் கேட்கப் போகிறாள் என்றே நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் தம்பியைத் தேடிப் போனேன். நல்ல செய்தி சொல்லத்தான் போனேன். ஸ்விட்ச் போர்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கதையைச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"எங்கக்கா அங்கதான் வேலை பாத்தா. சண்டை போட்டுட்டு வந்துட்டா. வந்த வாரமே பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. அவ போட்ட பதினாறு மெட்டும் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டு வரேன்னு போனா."

"குடுத்தாங்களா?"

"வாசல்லயே நிறுத்திட்டாங்க. இன்டர்காம்ல எவனோ ஒரு புது ஆளு. அப்படி எதுவும் இங்க இல்லன்னு சொல்லிட்டானாம். எனக்குப் போன் பண்ணி அழுதா. அழுதுக்கிட்டே ரோட்டக் கடந்தா... லாரி."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"போன் கட் ஆகல சார். மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு."

"எத்தன மணிக்கு...?"

"நாலு பத்து. மார்ச் மூணாந்தேதி."

மார்ச் மூன்று. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்.

வீட்டுக்கு ஓடினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதிவரும் நோட்டுகளில் முதலாவதின் முதல் பக்கம். என் கையெழுத்து.

"3:20. மாஸ்டர் சொன்னபடி பழைய மெட்டுகள் பதினாறையும் அழித்தேன். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் கேட்டேன். பதினைந்தாவது அருமை. மறக்கவே முடியாது."

அதன் கீழே இன்னொரு வரி.

"4:05. வாசலில் ஒரு பெண். இல்லை என்று சொல்லி அனுப்பினேன்."

அருமை என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு மறந்திருக்கிறேன். மறந்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து, குளியலறையில்...

நிமிர்ந்தேன். மணி 4:10.

பெட்டி ஓட ஆரம்பித்தது. பதினைந்து விளக்கு.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவில் நின்றாள்.

"டேய், இது உன் மெட்டுதான?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யாருடையது என்று கேட்பாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. தம்பியிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கேட்கவே இல்லை.

"ஆமாக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. பழக்கம்.

பதினாறாவது விளக்கு எரிந்தது. நாளைக்கு எரிய வேண்டியது.

ஒரு மூச்சு கேட்டது... பெட்டியிலிருந்து வரவில்லை. என் இடது காதுக்குள்ளிருந்து.

இப்போது மணி 5:35. மின்விசிறி சுற்றுகிறது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ கேட்கிறாள்.

வாய் மட்டும் அசைகிறது.