பரிமளக்காவின் திங்கட்கிழமைகள்

ரொறன்ரோவில் நாங்கள் ஒழுங்காக ஒரு கறிவேப்பிலை வாங்க இடம் இல்லாத காலத்திலேயே எங்களுக்குப் பல சங்கங்கள் இருந்தன. விளையாட்டுக் கழகம் ஒன்று, பழைய மாணவர் சங்கம் ஒன்று, அதிலிருந்து கோபித்துக்கொண்டு போனவர்களின் பழைய மாணவர் சங்கம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தலைவராக அடிபாடு நடந்தது. ஒரேயொரு சபையின் தலைமையை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. அது எங்களுடைய பிணை உதவிச் சபை. அதற்குத் தலைவியாக அகப்பட்டவர் பரிமளம்.

அகப்பட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலிருந்து எண்பத்து மூன்றின் கடைசியில் வந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஸ்பதைனா தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேட்டுக் கொலர் தைத்தார். கணவர் பாக்கியராசா ஒரு பேக்கரியில் வேலை. பார்க்டேலில் இரண்டு அறை வீடு. மேடையில் ஏறத் தெரியாது, மாலை போடத் தெரியாது, 'அவர்களே' போட்டுப் பேச்சைத் தொடங்கத் தெரியாது. இப்படிப்பட்டவரைத் தலைவியாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. நான் இராஜரட்ணம். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பதினெட்டு வருடம் கிளாக்கர். இங்கே ஒரு கட்டிடத்தில் செக்கியூரிட்டி. சபையின் செயலாளரும் மொழிபெயர்ப்பாளரும் நானே.

சபை தொடங்கிய கதை சின்னது. எண்பத்தாறு தொடக்கத்தில், குளிர்காலத்தில், சந்திரவதனா என்ற பெண் விமான நிலையத்தில் பிடிபட்டாள். வேறொருவரின் பாஸ்போட்டில் வந்தவள். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்களை உள்ளே வைத்துவிட்டு, விசாரணை அதிகாரி ஒரு தொகை சொல்வார். கட்டினால் வெளியே விடுவார்கள். வழக்கு முடியும்வரை ஒழுங்காக வந்து போனால் காசு திரும்பக் கிடைக்கும். மாமன் மச்சான் இருந்தவர்கள் மூன்றாம் நாள் வெளியே வந்து கோப்பி குடித்தார்கள். ஒருவரும் இல்லாதவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். சந்திரவதனாவுக்குக் கேட்டது இரண்டாயிரம் டொலர். அவளுக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள், தொழிற்சாலையில் யாரோ சொல்லிப் பார்க்கப் போன பரிமளக்கா மட்டும்தான்.

அவளுடைய விசாரணைக்கு நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். யாரும் கேட்காமலே பரிமளக்கா எழுந்து நின்றார்.

"எனக்கு மணித்தியாலத்துக்கு நாலரை டொலர் ஐயா. ரெண்டாயிரத்துக்கு நான் எங்க போற? இந்தப் பிள்ளைய என்னோட விடுங்க. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நானே கூட்டி வந்து உங்களுக்குக் காட்டுறன்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். ஏன் சரி என்றார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்று இரண்டாகி, இரண்டு இருபத்து மூன்றாகியது. திங்கட்கிழமை காலையில் குயின் தெருவில் ஓடும் ஸ்ரீட்காரில், அந்த டிராம் வண்டியில், ஒரு பட்டாளமே ஏறும். பரிமளக்கா கடைசியாக ஏறித் தலைகளை எண்ணுவார். குடிவரவு அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்து முடிந்ததும், தொழிற்சாலைக்கு ஓடுவார். அரை நாள் சம்பளம் போகும். பாக்கியராசா, "தலைவியம்மா, எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வந்து கையெழுத்து வையுங்க" என்று பகிடி விடுவார்.

ஆளாளுக்குக் கெஞ்சுவது பரிமளக்காவுக்குப் போதவில்லை. "காசுள்ளவன் வெளியில, இல்லாதவன் உள்ளுக்க. இது என்ன சட்டம் அண்ணன்? சட்டத்தை மாத்தச் சொல்லி எழுதுங்க" என்றார். எழுதினேன். எங்கள் ஆட்களிடம் காசு கேட்க வேண்டாம், சபையின் வாக்கை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மேலிடத்துக்கு நான்கு பக்கக் கடிதம். எண்பத்தேழு மாசியில் பதில் வந்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கலாம், சரிவந்தால் பொதுவான முறையாக்குவது பற்றி யோசிக்கலாம் என்று இருந்தது. பரிமளக்கா அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் என் ஆங்கிலத்தை நினைத்து இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சிவபாதம் வரவில்லை.

சிவபாதம் வடமராட்சிப் பொடியன். பொடியன் என்றாலும் முப்பத்திரண்டு வயது. சபையின் வாக்கில் வெளியே வந்து பதினாறு திங்கள் தவறாமல் கையெழுத்து வைத்தவர். நாங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. யாராவது ஒரு திங்கள் தவறினால், மறுநாள் மதியத்துக்குள் தலைவி அலுவலகத்துக்கு அறிவிப்பார், ஆள் இருக்கும் இடம் தெரிந்தால் அதையும் சொல்வார். அந்தக் கிழமை வியாழக்கிழமை இன்னும் ஏழு பேருக்கு விசாரணை இருந்தது. ஏழு பேரும் சபையை நம்பி உள்ளே இருந்தவர்கள்.

செவ்வாய் காலை நானும் பரிமளக்காவும் ஜேம்சன் அவெனியூவில் சிவபாதத்தின் அறைக்குப் போனோம். ஓடியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆள் கட்டிலில் இருந்தார். சேட்டு அயர்ன் பண்ணியிருந்தது. காலில் சப்பாத்து.

"நேற்றும் வெளிக்கிட்டனான் அக்கா. ஸ்ரீட்கார் வந்து நிண்டது. ஏற ஏலேல்லை."

"ஏன் மனே?" என்றார் பரிமளக்கா. மட்டக்களப்பில் மகனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"போன கிழமை மேசையில ஒரு புது ஆள் இருந்தவன். என்ரை பேரைப் பாத்திட்டு உள்ளுக்கை போய் இன்னொருத்தனோட கதைச்சவன். ஊரிலயும் அண்ணை கிழமைக்குக் கிழமை ஆமிக் காம்பில போய்க் கையெழுத்து வைக்கிறவர். ஒருநாள் பேரைப் பாத்திட்டு உள்ளுக்கை போனவங்கள். நான் வாசல்ல சைக்கிளோட நிண்டனான். பின்னேரம் மட்டும் நிண்டனான். அண்ணை வரேல்லை."

"இது அந்த நாடில்ல மனே."

"தெரியும் அக்கா. மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை."

பரிமளக்கா அவரைக் கையில் பிடித்து எழுப்பினார். சிவபாதம் கதவுவரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பத்தே முக்கால் ஆகியிருந்தது. நான் பரிமளக்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"காய்ச்சல் எண்டு சொல்லுவம். ஒரு கிழமை போகட்டும்."

"வந்து பாத்தாங்களெண்டா? வியாழக்கிழமை அந்த ஏழு பேரும் என்ன செய்யிற?"

"அப்ப சொல்லுங்கோ."

"சொன்னா, இவரைப் பிடிச்சுக் கொண்டு போவாங்களே."

"அப்ப சொல்லாதையுங்கோ."

"அண்ணன், நீங்க ரெண்டு பக்கமும் கதைக்கிறீங்க."

உண்மைதான். எனக்கே நான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மதியத்துக்குள்ள சொல்லோணும் எண்டு அவங்க கேட்டவங்களா?"

அவர்கள் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. கச்சேரியில் பெட்டிசம் எழுதிப் பழகிய கை. கேட்டதற்கு மேல் ஒரு பிடி கூடப் போட்டால்தான் மேலிடம் மசியும் என்பது எங்கள் பாடம். ஒரு தென்னம்பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டால், அரசாங்கத்துக்கு ஆயுள் முழுக்க விசுவாசமாக இருப்பதாகவும் சேர்த்து எழுதுவோம். வாங்குகிற துரையும் அதை வாசிக்க மாட்டார், எழுதுகிறவனும் அதை நம்ப மாட்டான். இங்கே வாசிக்கிறார்கள். வாசித்து, கோடு போட்டு, கோவையில் வைக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"பெட்டிசத்துக்கு ஒரு பலம் இருக்கட்டும் எண்டு நான்தான் போட்டனான், பரிமளம்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

திரும்ப உள்ளே போய்ச் சிவபாதத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார்.

"மனே, நான் இப்ப போன் பண்ணிச் சொல்லப் போறன். நீ இங்கதான் இருக்கிறாய் எண்டும் சொல்லுவன். பின்கதவு திறந்துதான் கிடக்கு. நான் பாக்க மாட்டன். உன்னட்டச் சொல்லிப்போட்டுச் சொன்னா, அது காட்டிக்குடுக்கிறதில்லத்தானே?"

அவர் என்னையும் பார்த்துத்தான் கேட்டார். காட்டிக்கொடுத்தவர் என்ற அந்தச் சொல்லுக்காக ஊரில் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். அதை ஒரு கேள்வியாக யாரும் கேட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மூலையில் உடுப்புத் தோய்க்கும் கடையில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. நான் பேசுகிறேன் என்றேன். பரிமளக்கா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே பேசினார். தொழிற்சாலையில் பொறுக்கிய ஆங்கிலம். "சிவபாதம் நோ கம் மண்டே. ஹி இஸ் ஹோம். ஹி இஸ் அஃப்ரெய்ட். ப்ளீஸ், கம் ஸ்லோ."

நாங்கள் திரும்பி வரும்போது சிவபாதம் அதே இடத்தில் இருந்தார். ஓடவில்லை. பரிமளக்கா தேத்தண்ணி போட்டார். இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சிவபாதம் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்கள். பிறகு கையில் விலங்கு போட்டார்கள். அது அவர்களுடைய முறையாம். பரிமளக்கா கழுவாத கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை ஏழு பேரும் வெளியே வந்தார்கள். ஒரு சதமும் கட்டவில்லை. விசாரணை அதிகாரி, இது நம்பத்தகுந்த அமைப்பு, தன் ஆளையே அறிவித்த அமைப்பு என்று பதிவுக்காகச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது பரிமளக்கா தலையைக் குனிந்தார். பாராட்டினார்களா, பழித்தார்களா என்று அவருக்கும் விளங்கவில்லை. வெளியே வந்த ஏழு பேரில் நான்கு பேர் கைகொடுத்தார்கள். மூன்று பேர் கொடுக்கவில்லை.

அதன்பிறகு மரக்கறிக் கடையில் பரிமளக்கா நுழைந்தால் கதை நின்றுவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பழைய மாணவர் சங்கம் இரண்டும் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விசயத்தில் ஒத்துப்போயின. அதிகாரிகளிடம் ஏதோ வாங்கியிருக்கிறாள் என்றன. சிவபாதம் ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு வழக்கறிஞர் மூலம் வெளியே வந்து, பிக்கரிங்கில் ஒரு சொந்தக்காரரோடு போய் இருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் ஒருவருக்குத்தான் பரிமளக்காவில் கோபம் இருக்கவில்லை. தீபாவளிக்குப் போன் எடுத்து, "அக்கா சுகமோ" என்று கேட்டாராம். பரிமளக்கா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அவன் ஏசியிருக்கலாம்" என்றார்.

"நான் செய்தது சரியோ அண்ணன்?" என்று ஸ்ரீட்காரில் எத்தனையோ தடவை கேட்டார். ஒருநாள் சரி என்பேன். இன்னொருநாள் வேறு வழியில்லை என்பேன். இரண்டும் ஒரே பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் திங்கட்கிழமைகள் நிற்கவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் பரீட்சார்த்தத்தை மேலும் நீட்டினார்கள். ஐப்பசி மாதம் மகேஸ்வரன் என்று ஒருவருக்கு விசாரணை. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே உற்றார் உறவு ஒருவரும் இல்லை. ஒன்பது கிழமையாக உள்ளே இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதே விசாரணை அதிகாரிதான். எங்களைக் கண்டதும் சிரித்தார். இந்தச் சபை உம்மைப் பொறுப்பேற்க வந்திருக்கிறது, காசு தேவையில்லை, இன்றைக்கே போகலாம், சம்மதமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

மகேஸ்வரன் பரிமளக்காவைப் பார்த்தார். தடுப்புக் காவலுக்குள் செய்தி தபாலைவிட வேகமாகப் போகும்.

"சிவபாதத்தைச் சொல்லிக்குடுத்தது இவதானே?"

நான் ஓம் என்றேன்.

"எனக்கு இவ வேண்டாம். காசு எவ்வளவெண்டு கேளுங்கோ. கடன்பட்டுக் கட்டுறன். கட்ட முடியாட்டி உள்ளுக்கை இருக்கிறன். காசு ஒருத்தரையும் காட்டிக்குடுக்காது."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். கொஞ்சம் யோசிக்க நேரம் கேட்கிறார் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.

"சொன்னதை அப்படியே சொல்லுங்க அண்ணன்" என்றார் பரிமளக்கா. "கூட்டாமக் குறைக்காமச் சொல்லுங்க."

சொன்னேன். கடைசி வசனத்தையும் சொன்னேன். அதிகாரி பேனையை வைத்தார். பிறகு, அப்படியானால் இரண்டாயிரம் டொலர் என்று சொல்லி எழுதினார். சபையின் தலைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

பரிமளக்கா எழுந்து நின்றார். காசு கேட்காதீர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அந்த அறையில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காசு கேட்பது அநியாயம் என்று இரண்டு வருடத்துக்குக் கிட்ட அந்த மனிதரோடு மல்லுக்கட்டியவர். இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அவருக்குக் காசே கேளுங்க ஐயா" என்றார். "கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி முன்னர் எழுதியதை வெட்டிவிட்டு ஆயிரத்து இருநூறு என்று எழுதினார். பரிமளக்கா, "தாங்க் யூ சேர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.